எங்கள் வண்டிக்கு மட்டும் வளையல் இல்லை

டீ ஆறுகிறது சார், முதலில் அதைக் குடியுங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற ஸ்டூலுக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. முன்னால் சாய்ந்தால் ஆடும், நிமிர்ந்து உட்கார்ந்தால் ஆடாது. ஊரிலுள்ள கியர் பாக்ஸையெல்லாம் சரி செய்கிறவன் சொந்த ஸ்டூலை இப்படி வைத்திருக்கிறானே என்று உங்களுக்குத் தோன்றும். என் தங்கச்சி அதை வாய்விட்டே சொல்லுவாள். "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்ற பல்லி கழனிப்பானையில விழுந்துச்சாம்" என்பாள். அவள் கேலி செய்யாத நாள் எனக்கு விடிந்த மாதிரியே இருக்காது.

பேரிங்கைப் பற்றிக் கேட்க வந்தேன் என்றீர்கள். சந்தோஷம். இருபத்தாறு வருஷத்தில் அதைப் பற்றிக் கேட்டு இந்தப் பட்டறைக்கு வந்த முதல் ஆள் நீங்கள்தான். மற்றவர்கள் எஞ்சினைப் பற்றிக் கேட்பார்கள், டயரைப் பற்றிக் கேட்பார்கள். பேரிங் என்று ஒன்று உள்ளே இருப்பது அது அலறும்போதுதான் அவர்களுக்கு ஞாபகம் வரும். நல்ல பேரிங் இருக்கிற இடம் தெரியாது. வீட்டுக்கு மூத்த பிள்ளையும் அப்படித்தான்.

என்னை இங்கே 'காது' என்று கூப்பிடுவார்கள். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கியர் பாக்ஸ் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டால், உள்ளே இருக்கிற பேரிங் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். ஒரு நாள் முன்பின் ஆகலாம், அதற்கு மேல் தப்பியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. எப்படியும் நீங்கள் கேட்கத்தான் போகிறீர்கள்.

கெட்டுப்போன பேரிங்குக்கு மாற்று எடுப்பது பெரிய வித்தை இல்லை. உள் அளவு, வெளி அளவு, தடிமன் மூன்றையும் அளக்க வேண்டும். ஓரத்தில் பொறித்திருக்கும் நம்பரைத் துடைத்துப் படிக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் நம்பரோடு நிறுத்திக்கொள்வார்கள். நம்பருக்குப் பின்னால் சில எழுத்துகள் இருக்கும், விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஒரே நம்பரில் மூடி போட்டதும் உண்டு, மூடி இல்லாததும் உண்டு. மூடி என்றால் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிற கறுப்பு ரப்பர் வட்டம். உள்ளே கம்பெனியே கிரீஸை அடைத்து மூடியிருக்கும். ஃபேன், மோட்டார் மாதிரி எண்ணெய் இல்லாத இடங்களுக்கு அது சரி. கியர் பாக்ஸில் பேரிங் எண்ணெயில் குளிக்க வேண்டும். மூடி இருந்தால் எண்ணெய் உள்ளே போகாது, உள்ளே இருக்கிற கிரீஸோ சூட்டில் இளகி வெளியே வழிந்துவிடும். ஆற்றுக்கு நடுவில் நின்றுகொண்டு தாகத்தில் சாகிற கதை.

கடையில் பெரும்பாலும் மூடி போட்டதுதான் கிடைக்கும். அதனால் இந்தத் தொழிலில் இருக்கிற எவனும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் அந்த மூடிகளை நெம்பிப் பிடுங்கிவிட்டுத்தான் மாட்டுவான். அரை நிமிஷ வேலை. வண்டிக்காரர்களுக்குத்தான் வயிறு எரியும். "புதுசுல இருந்த மூடியை எதுக்குப் பிடுங்கிப் போடுறீங்க?" என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். "குளிக்கப் போறவன் சட்டையைக் கழட்டித்தானே ஆகணும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு மூடிகளையும் காகிதத்தில் சுற்றி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மற்றவர்கள் விட்டுப்போகிற மூடிகளெல்லாம் குட்டிக்கு. குட்டி என் தங்கச்சி மகள், ஆறு வயசு. அவற்றை வளையல் என்று சொல்லிக் கையில் போட்டுக்கொள்வாள், முழங்கையைத் தாண்டி ஏறிவிடும். போட்டு அலுத்ததும் பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைப்பாள். அதிலும் ஒரு ஒழுங்கு வைத்திருந்தாள். மூடி எந்த வண்டியிலிருந்து வந்ததோ அந்த வண்டியின் நிறத்தில் நூல் கட்டித்தான் டப்பாவில் போடுவாள். சிவப்பு வண்டிக்குச் சிவப்பு நூல், பச்சை வண்டிக்குப் பச்சை நூல். உங்கள் மடியில் இருக்கிறதே, அந்த டப்பாதான். நீங்கள் உள்ளே வரும்போதே பார்த்துவிட்டேன். உங்களிடம் யார் கொடுத்தார்கள் என்று கேட்க மாட்டேன். குட்டி அதை எல்லாரிடமும் காட்டுவாள்.

சரி, மாப்பிள்ளையிடம் வருவோம். தங்கச்சி புருஷனை ஊரே 'பொறுமை' என்று கூப்பிடும். அவரிடம் இல்லாத ஒரே சாமான் அதுதான். டீயை ஆற்றத் தெரியாது, நாக்கைச் சுட்டுக்கொள்வார். சட்டைப் பொத்தானைக் கழற்ற மாட்டார், தலை வழியாக உருவுவார். சொந்தமாக ஒரு மஞ்சள் டிராக்டரும், அதன் பின்னால் மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டரும் வைத்து, ஊர் வயல்களையெல்லாம் உழுது கொடுத்துக்கொண்டிருந்தார். வேலையில் கெட்டிக்காரர். ஆனால் கத்தியில் வேர் சிக்கினால் எஞ்சினை நிறுத்தாமலே இறங்கிக் கையை விடுவார். நானே நான்கு முறை பார்த்துத் திட்டியிருக்கிறேன். "நிறுத்திட்டு மறுபடி ஸ்டார்ட் பண்றதுக்குள்ள ஒரு சால் ஓட்டிடலாம் மச்சான்" என்பார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

மனுஷன் தங்கம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சிரித்தால் இந்தத் தகரக் கூரை அதிரும்.

அம்மா, அப்பா போன பிறகு தங்கச்சியை வளர்த்தது நான். அவளுக்குக் கல்யாணமானதும் வீட்டை இரண்டாகத் தடுத்தேன். முன்பாதி அவர்களுக்கு, பட்டறையை ஒட்டிய பின்பாதி எனக்கு. நடுச் சுவரில் ஒரு கதவு வைத்தேன், அதோ தெரிகிறதே, நீலப் பெயிண்ட் அடித்தது. தாழ்ப்பாள் அவர்கள் பக்கம். புதுசாகக் கல்யாணமானவர்கள், மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா. குட்டி தவழ ஆரம்பித்தபோது அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிக் கதவின் உச்சியில் மாட்டினேன், விளையாட்டாகப் போட்டுக்கொண்டு உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்று. அவ்வளவு உயரத்தில் மாட்ட நானே ஸ்டூல் மேல் ஏறவேண்டியிருந்தது. இந்த ஸ்டூல்தான். கால் குட்டையானது அன்றைக்குத்தான்.

யாரும் அந்தத் தாழைப் போட்டதே இல்லை. மூன்று வேளையும் அந்தக் கதவு வழியாகத்தான் எனக்குச் சாப்பாடு வரும். கூடவே குட்டி வருவாள். இரண்டும் போதுமானதாக இருந்தது எனக்கு.

போன வருஷம் ஒருநாள் சாப்பிடும்போது மாப்பிள்ளை சொன்னார். வெளிநாட்டில் இருக்கிற அவருடைய அண்ணன் அங்கே ஒரு பண்ணையில் மெஷின் ஓட்டுகிற வேலை பார்த்து வைத்திருக்கிறார், வீடு தருகிறார்கள், குட்டிக்கு நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது.

"இந்த சீசனுக்கு நாப்பத்து மூணு வயலுக்கு வாக்குக் குடுத்துட்டேன் மச்சான். அதை முடிச்சுக் குடுத்துட்டுத்தான் கிளம்பணும். பாதியில விட்டுட்டுப் போனா நல்லாருக்காது."

"நல்லது மாப்பிள்ளை" என்றேன்.

"நீயும் வாண்ணா. அங்க இல்லாத கியர் பாக்ஸா?" என்றாள் தங்கச்சி. கேலியாகச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. மாப்பிள்ளையின் அண்ணனிடம் ஏற்கெனவே பேசிவிட்டதாகவும் சொன்னாள்.

நான் வரவில்லை என்றேன். எனக்கு இந்த இடம் பழகிவிட்டது. தண்ணீர்க் குழாய் எங்கே சொட்டுகிறது என்று தெரியும், கதவு எந்த மழைக்கு இறுகும் என்று தெரியும். நான் போவதைவிட அவர்கள் இருப்பது சுலபமான காரியம் என்று எனக்குப் பட்டது. நீங்களே யோசித்துப் பாருங்கள், ஒருவன் பிடிவாதத்தை விடுவது சுலபமா, மூன்று பேர் பெட்டி கட்டாமல் இருப்பது சுலபமா?

முதல் தடவை நடந்தது உண்மையிலேயே கவனப்பிசகுதான். ரோட்டவேட்டர் கியர் பாக்ஸில் சத்தம் என்று கொண்டு வந்தார். பிரித்தேன், முன்பக்கத்துப் பேரிங் போயிருந்தது. புதுசை எடுத்துக் கையில் வைத்திருக்கும்போது குட்டிக்குக் காய்ச்சல் என்று தங்கச்சி கூப்பிட்டாள். ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, அப்படியே மாட்டி மூடிவிட்டேன். வண்டி போன பிறகு கை கழுவும்போதுதான் மூடியைப் பிடுங்கவில்லை என்பது உறைத்தது. ஒரு போன் செய்திருக்கலாம். சோப்பைக் கழுவிவிட்டுச் செய்யலாம் என்று நினைத்தேன். பிறகு சாப்பாடு வந்துவிட்டது.

பதினோராம் நாள் வண்டி திரும்பி வந்தது. மூன்று மணி நேர வேலை அது. நான் ஐந்து நாள் எடுத்துக்கொண்டேன். அந்த ஐந்து நாளும் மாப்பிள்ளை வயலுக்குப் போகவில்லை. இதோ இந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார். தங்கச்சி காய் நறுக்குகிறதையே இங்கே கொண்டு வந்துவிட்டாள். குட்டி என் முதுகில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றாள். அவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் நால்வரும் அப்படிச் சேர்ந்து இருந்ததே இல்லை. சார், நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அதனால் இரண்டாம் தடவையும் மூடியைப் பிடுங்கவில்லை. இதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒன்றும் செய்யாமல் இருந்தேன், அவ்வளவுதான். மறுபடி பத்துப் பன்னிரண்டு நாள், மறுபடி பட்டறை, மறுபடி கதை. முடியவேண்டிய வயல்கள் ஒரு மாசம் தள்ளிப்போயின. பெட்டி வாங்கக் கடைக்குப் போகிற பேச்சும் நின்றது.

அப்போதுதான் குட்டி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். "மாமா, எங்க வண்டிக்கு மட்டும் ஏன் வளையலே வரல?"

டப்பாவில் சிவப்பு நூல் இருந்தது, பச்சை இருந்தது, நீலம் இருந்தது. மஞ்சள் நூலையும் எங்கேயோ தேடிப்பிடித்து வெட்டி வைத்திருந்தாள், கட்டத்தான் ஒன்றும் இல்லை. "உங்க வண்டிக்கு மூடி இல்லாத பேரிங் போட்டேன்டா குட்டி" என்றேன். குழந்தைகளிடம் பொய் சொல்லக் கூடாது என்பார்கள், எனக்கும் அது பிடிக்கவில்லை. அந்தப் பக்கம் தங்கச்சி காய் நறுக்குகிற சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. என் காதுக்கு அது தப்பவில்லை, ஆனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளைக்குச் சந்தேகம் வந்தது. என் மேல் இல்லை, பேரிங் விற்ற கடைக்காரர் மேல். "டூப்ளிகேட் குடுத்து உங்க பேரைக் கெடுக்கிறான் மச்சான்" என்று கிளம்பிப்போய்க் கடை வாசலில் நின்று சத்தம் போட்டார். நான் தடுத்திருக்கலாம். அவருடைய வேகம்தான் உங்களுக்குத் தெரியுமே. கடைக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு, கியர் பாக்ஸுக்கு மூடி இல்லாதது போட வேண்டும் என்று சொல்லி, எங்கிருந்தோ ஒன்றை வரவழைத்துக் கொடுத்திருக்கிறார். மூன்றாம் தடவை வண்டி நின்றபோது மாப்பிள்ளை அந்தப் பொட்டலத்தோடு வந்தார். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றின, நல்ல, திறந்த பேரிங். என்னிடம் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"கடைக்காரன் உங்களுக்கே பாடம் எடுக்கிறான் மச்சான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "காதுக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போகுதுன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வந்தேன்."

எனக்காக அவர் சண்டை போட்டிருக்கிறார். இப்படிப்பட்ட மனுஷனை எப்படி சார் வெளிநாட்டுக்கு அனுப்புவது?

அன்றைக்குக் காலையில்தான் டிக்கெட் வந்திருந்தது. அன்றிலிருந்து இருபதாம் நாள் பயணம். மீதி ஒன்பது வயல். ஒரு நாளைக்கு ஒன்று என்று உழுதாலும் பத்து நாளில் முடித்துவிடுவார். நல்ல பேரிங் போட்டால் அது குட்டி கல்யாணம் வரைக்கும் ஓடும். மூடி போட்டதைப் போட்டு, பிடுங்காமல் விட்டால் பதினோரு நாள் தாங்கும், அதற்குள் ஒன்பது வயலும் முடிந்துவிடும். கணக்கு இடித்தது. எனக்கு மூன்று நாளில் நிற்கிற மாதிரி ஒன்று வேண்டியிருந்தது.

இனிமேல் சொல்வதை நிதானமாக எழுதுங்கள், தொழில் விஷயம். மாப்பிள்ளை வாங்கி வந்த பொட்டலத்தை அலமாரியில் மேல் தட்டில் வைத்தேன். என்னிடமிருந்த மூடி போட்ட பேரிங் ஒன்றை எடுத்தேன். அதன் மூடிகளைப் பிடுங்கினேன். ஆமாம், அந்தத் தடவை பிடுங்கினேன். உள்ளே கம்பெனி அடைத்த கிரீஸையெல்லாம் பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவினேன். பிரஷால் இரண்டு முறை. துணியில் துடைத்து வெயிலில் காயவைத்தேன். பிறகு மூடிகளைத் திரும்ப அழுத்தி, ஓரம் பிசிறில்லாமல் உட்காரவைத்தேன். எண்ணெய் உள்ளே போகாது, உள்ளேயும் ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் புதுசு. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக வேறெந்தப் பேரிங்கையும் கழுவியதில்லை.

நீங்கள் கியர் பாக்ஸைப் பிரித்தபோது எண்ணெயில் கறுப்பு ரப்பர் துண்டுகள் கிடந்தன என்றும், திறந்த பேரிங்கில் ரப்பர் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டீர்கள். நல்ல கேள்வி. இந்தத் தொழிலுக்கு வந்திருந்தால் நன்றாக வந்திருப்பீர்கள்.

வண்டி மூன்றாம் நாள் நின்றது. காலை பதினோரு மணி, மூன்றாவது வயல். பேரிங் உடைந்து துண்டு கியர் பல்லில் மாட்டி, கத்திகள் இறுகி நின்றிருக்கின்றன. நடுவில் இருக்கிற கிளட்ச் வழுக்கிக்கொண்டிருக்க, எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. வேர் சிக்கிவிட்டது என்று நினைத்து அவர் இறங்கியிருக்கிறார். கடப்பாரையால் நெம்பியிருக்கிறார், அசையவில்லை. பிறகு கையை விட்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து மாட்டியிருந்த துண்டு நழுவியிருக்கிறது. வலது கை போனது, மணிக்கட்டுக்கு மேலே நான்கு விரல்கடை வரை.

எஞ்சினை நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பதறாத காரியம் சிதறாது. நான் கழுவியது பேரிங்கை. கையை விட்டது அவர். நான்கு முறை சொல்லியிருக்கிறேன் சார், நான்கு முறை. அவர் நிறுத்த மாட்டார் என்பது எனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரியும்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நீங்கள் கேட்க நினைப்பது புரிகிறது. வண்டி நிற்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேனா, அல்லது அதற்குப் பிறகு நடந்ததையும் நினைத்தேனா என்பதுதானே? எந்தப் பேரிங் எப்போது நிற்கும் என்று தெரிந்தவனுக்கு, நின்றால் எந்த மனுஷன் என்ன செய்வான் என்பதும் தெரியத்தான் செய்யும். வண்டி நின்றால் பயணம் ஒரு மாசம்தான் தள்ளிப்போகும். இரண்டு தடவை பார்த்துவிட்டேனே. மெஷின் ஓட்டுகிற வேலைக்கு இரண்டு கை வேண்டும். அதை நான் யோசித்தேன், பெட்ரோலில் ஊறுகிற நேரத்தில். வேறு வேலை இருக்கவில்லை.

ஆனால் என்னைத் தப்பாக நினைக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் பதினாறு நாளும் அவர் பக்கத்தில் இருந்தது நான். இடது கையால் சாப்பிடப் பழக்கியது நான். சட்டைக்குப் பொத்தானை எடுத்துவிட்டு ஒட்டுகிற பட்டை தைக்கக் கொடுத்தது நான். இப்போது டீயை ஆறவைத்துக் குடிக்கிறார், அவசரப்பட வழி இல்லை. பேருக்கு ஏற்ற மாதிரி ஆகிவிட்டாரே என்று நான் ஒருநாள் வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன், கூரை அதிரவில்லை. தங்கச்சி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

போன வாரம் அவள் வந்து இதே இடத்தில் நின்றாள். கையில் டப்பா இல்லை, மஞ்சள் நூல் மட்டும் இருந்தது.

"அண்ணா, மூணு தடவை எங்க வண்டிக்குப் பேரிங் மாத்தினியே, ஒரு வளையல்கூட ஏன் வரல?"

"சின்னப் பிள்ளை கேக்கிற கேள்வியை நீ கேக்கிறியே" என்றேன்.

"சின்னப் பிள்ளை கேட்டப்பவே நான் கேட்டிருக்கணும்" என்றாள். வேலியே பயிரை மேய்ந்தால் என்று ஏதோ ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. அவள் பழமொழியைப் பாதியில் விட்டு நான் பார்த்ததே இல்லை. உடம்பு சரியில்லை போலிருக்கிறது.

அலமாரியில் மேல் தட்டில் அந்தப் பொட்டலம் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். காகிதத்தைப் பிரிக்கவே இல்லை. மூன்றாவது பேரிங்கை நான்தான் கழுவினேன், நான்தான் மூடினேன், தெரிந்துதான் மாட்டினேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தால், குடும்பம் சிதறக் கூடாது என்பதற்காக என்று போடுங்கள். சிதறவில்லையே சார். யாரும் எங்கேயும் போகவில்லை. நான் வேறென்ன கேட்டேன்?

வாசலில் லாரி வந்து நின்ற சத்தம் கேட்டதா? பின் சக்கரத்தில் பேரிங் ஒன்று முனகியது, இன்னும் இரண்டு வாரம் தாங்கும். அந்தப் பக்கம் பீரோவை இழுக்கிறார்கள், கட்டிலைத் தட்டிக் கழற்றுகிறார்கள். தங்கச்சி ஒட்டடை அடிக்கிறாள் போலிருக்கிறது, எதையும் பாதியாகச் செய்ய மாட்டாள். வேலை முடிந்ததும் சாப்பாடு வரும். நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், இரண்டு பேருக்கு வை என்று கதவுக்கு இந்தப் பக்கமிருந்தே சொல்லிவிட்டேன். பதில் வரவில்லை, கை வேலையாக இருந்திருப்பாள்.

அந்தக் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தானே வாசல் வழியாகச் சுற்றி வந்தீர்கள்? நான்கு நாளாக அந்தப் பக்கம் தாழ் போட்டிருக்கிறது, மேல் தாழ். குட்டி விளையாட்டாகப் போட்டிருப்பாள். எவ்வளவு வளர்ந்துவிட்டாள் பாருங்கள்.